சர்க்கரை மாத்திரைக்குக் கம்பெனிக் காப்பீடு கொடுப்பது எவ்வளவு?

கேள்வி (ஒரு வாசகர், 2025 ஆகஸ்ட் 3)

எனக்கு வயது 44. தனியார் நிறுவனத்தில் வேலை. நிறுவனம் எடுத்துக் கொடுத்த மூன்று லட்ச ரூபாய் குழுக் காப்பீடு உள்ளது. சேர்ந்த நாளிலிருந்தே பழைய நோய்களும் அடங்கும் என்று மனிதவளத் துறையில் சொன்னார்கள். ஆனால் மாதம் 2,300 ரூபாய் வரும் என் சர்க்கரை மருந்து பில்லை அனுப்பினால் உடனே நிராகரித்துவிடுகிறார்கள். நோய் அடங்கும் என்றால் அதற்கான மருந்தும் அடங்கத்தானே வேண்டும்? யாரிடம் முறையிடுவது?

2025 ஆகஸ்ட் 4

முறையிட்டுப் பயனில்லை. உங்கள் பாலிசியில் அடங்குவது நோய் அன்று. அந்த நோய்க்காக நீங்கள் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் செலவுதான். பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்பதன் பொருள், சர்க்கரையால் நாளையே உங்களுக்குக் காலில் புண் வந்து படுத்தாலும் பணம் தருவார்கள் என்பதே. புண் வராமல் இருக்க நீங்கள் விழுங்கும் மாத்திரைக்கு அவர்கள் பொறுப்பல்ல.

நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுதோறும் பாலிசி புதுப்பிக்கும்போது காகிதங்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. 2016 முதல் நானும் சர்க்கரை நோயாளி என்பதால் அந்தக் காகிதங்களை இரண்டு கண்ணோடும் படிப்பவன். இருபத்து நான்கு மணி நேர உள்நோயாளிச் சேர்க்கை, அதற்கு விலக்காக டயாலிசிஸ், கண்புரை போன்ற பகல்நேரச் சிகிச்சைகள், சேர்வதற்கு முந்தைய 30 நாள், வெளிவந்த பிந்தைய 60 நாள் செலவுகள். பெரும்பாலான குழுப் பாலிசிகளின் எலும்புக்கூடு இதுதான்.

2025 ஆகஸ்ட் 5

நேற்று எழுதியதில் அந்த 60 நாளைப் பற்றி ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஆம், வீடு திரும்பிய பின் 60 நாள் வரை வாங்கும் மருந்துக்குப் பணம் கேட்கலாம். ஆனால் எந்த நோய்க்காகச் சேர்ந்தீர்களோ அந்த நோயின் தொடர் மருந்தாக இருக்க வேண்டும். டெங்குவுக்குப் படுத்துவிட்டு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் பில்லை இணைத்தால் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியைத் தருவார்கள். சர்க்கரை ஏறிச் சேர்ந்திருந்தால் இன்சுலின், ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் கேட்கலாம். வெளியேற்றச் சீட்டில் அந்த மருந்துகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குளுக்கோமீட்டரும் அதன் ஸ்டிரிப்பும் மட்டும் இங்கேயும் அடிபடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியல் ஒன்றில், தனியாகக் கட்டணம் விதிக்காமல் சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டிய பொருள்களில் அவையும் இருக்கின்றன.

2025 ஆகஸ்ட் 9

"அப்படியானால் ஒரு நாள் சேர்ந்து சர்க்கரையைப் பரிசோதித்துக்கொண்டு, 60 நாள் மருந்தையும் அதிலேயே வாங்கிவிடலாமே" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லிக்கொடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு. செய்யாதீர்கள். பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே நிகழ்ந்த சேர்க்கைக்குப் பணமில்லை என்று எல்லாப் பாலிசிகளிலும் பொதுவான விலக்கு விதி ஒன்று இருக்கிறது. டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளைம்களைச் சரிபார்க்கும் இடைநிலை நிறுவனம்) அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் தேடுவது அந்த விதிக்குள் தள்ளக்கூடிய கோப்புகளைத்தான்.

அந்த விதி நேர்மையானவர்களையும் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆலையின் கிடங்குப் பொறுப்பாளர் சர்க்கரை 480-இல் மயங்கிச் சேர்ந்து மூன்று நாள் இருந்தார். வெளியேற்றச் சீட்டில் பயிற்சி மருத்துவர் ஒருவர் "சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்காகச் சேர்க்கப்பட்டார்" என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தார். கிளைம் திரும்பி வந்தது. பிறகு தலைமை மருத்துவரிடம் போய், சிறுநீரில் கீட்டோன் இருந்தது, நரம்பு வழியாக இன்சுலின் ஏற்றினோம், மணிக்கொரு முறை அளவெடுத்தோம் என்று விவரமாகக் கடிதம் வாங்கி அனுப்பிய பின்னரே பணம் வந்தது. நோயும் சிகிச்சையும் பில்லும் அவையேதான். கடிதத்தில் எழுதிய மூன்று வரிகள்தாம் 38,000 ரூபாயை மீட்டுக் கொடுத்தன. வெளியேற்றச் சீட்டைக் கையில் வாங்கும்போதே படித்துப் பாருங்கள். வண்டி ஏறிய பிறகு அதைத் திருத்தி வாங்குவது பெரும்பாடு.

2025 ஆகஸ்ட் 10

ஒருவர் கோபமாக, "காப்பீடு என்பது எதிர்பாராத செலவுக்கு, மாதாமாதம் வரும் மாத்திரை எதிர்பார்த்த செலவு, இரண்டையும் குழப்பாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். தனிநபர் பாலிசிக்கு இந்த வாதம் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். யாருக்கு எவ்வளவு மருந்துச் செலவு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், செலவு அதிகமுள்ளவர் மட்டுமே பாலிசி எடுப்பார், அது நிலைக்காது.

ஆனால் குழுப் பாலிசியின் கணக்கு வேறு. எங்கள் ஆலையில் இந்த ஆண்டு எவ்வளவு கிளைம் போனதோ, அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தைக் கேட்கிறார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தொடங்கினால், அந்தச் செலவை இறுதியில் சுமப்பது காப்பீட்டு நிறுவனம் அன்று. அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் அதை எங்கள் நிர்வாகமே கட்டுகிறது. ஆகவே மாத்திரைக்குப் பணம் கொடுத்து டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதில் லாபம் அடைய வேண்டியவர் முதலாளிதான். அது அவருக்குத் தோன்றுவதில்லை. ஏனென்றால் மாத்திரை இந்த ஆண்டின் செலவு. சிறுநீரகம் பத்து ஆண்டு கழித்து, அப்போது அந்தத் தொழிலாளி வேறு ஆலையில் இருக்கக்கூடும்.

அரசின் வருமான வரிச் சட்டமும் இதே புத்திதான். குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தரும் 80டிடிபி பிரிவின் பட்டியலில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. நோய் முற்றிப் பெயர் மாறிய பிறகு வா என்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 17

இதுவரை பேசியது ஒரு பாதிதான். பணியிடக் காப்பீடு என்றால் மெடிக்ளைம் மட்டுமே என்று இங்கே எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டோம். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்குச் சட்டப்படியான பணியிடக் காப்பீடு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு; அதில் மருந்துக்கு நோயாளி கொடுப்பது பூஜ்யம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் 1955-இல் எங்கள் கோவையில்தான் முதலில் வந்தது. ஊதியத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு. 20,800 ரூபாய் வாங்குபவருக்குப் பிடித்தம் 156 ரூபாய். அதற்கு அவர், மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகிய அனைவருக்கும் சிகிச்சையும் மருந்தும். பெற்றோரின் வருமானம் மாதம் 9,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என் மைத்துனருடன் ஒரு மருந்தகத்துக்குப் போயிருக்கிறேன். மருத்துவர் நோயாளியைப் பார்த்தது சில நொடிகள். மருந்து கொடுக்கும் சன்னலில் மெட்ஃபார்மின் இருந்தது, கிளிமிபிரைடு இருந்தது. கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். விற்பனைக்கு அல்ல என்று முத்திரை குத்திய அட்டைகளைக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார்கள். வேளையைக் குறிக்க மேலே 1-0-1 என்று நீல மையில் ஒரு கிறுக்கல். அரை நாள் கூலி போயிற்று என்று அவர் முணுமுணுத்தது உண்மை. ஆனாலும் அந்தப் பொட்டலத்துக்கு வெளியே மருந்துக்கடையில் 700 ரூபாய்க்குக் குறையாது.

2025 ஆகஸ்ட் 18

மேலே எழுதியதைப் படித்த பிறகு எனக்கே உறைத்த ஒன்றைச் சொல்கிறேன். இந்த இழையின் முக்கியமான விஷயம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். 21,000 என்ற அந்தக் கோட்டைத் தாண்டும் மாதத்தில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு என்ன நடக்கிறது?

எங்கள் ஆலையில் லேத் ஓட்டும் ஒரு தம்பிக்கு வரும் அக்டோபரிலிருந்து 900 ரூபாய் ஊதிய உயர்வு. 20,800 என்பது 21,700 ஆகும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் 156 நின்றுவிடும் என்பதால் கையில் கூடுதலாக வருவது 1,056 ரூபாய். இவருக்கும் சர்க்கரை, இவருடைய அம்மா இன்சுலின் போடுபவர். இரண்டு பேருக்கும் வெளிக்கடையில் வாங்கினால் ஆகும் செலவைக் கணக்கிட்டோம். இவருடைய கூட்டு மாத்திரை மாதம் 680. அம்மாவின் இன்சுலின் இரண்டு பாட்டில் 300. ஊசிகள், இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, கால் எரிச்சலுக்குத் தரும் மாத்திரை எல்லாம் சேர்ந்து இன்னொரு 800. மொத்தம் 1,780. ஊதியம் உயர்ந்ததால் மாதம் 724 ரூபாய் நட்டம். அதற்கு ஈடாக மூன்று லட்ச ரூபாய் மெடிக்ளைம் அட்டை கிடைக்கும். அதில் அம்மா இல்லை. பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். சேர்த்தாலும் ஒவ்வொரு கிளைமிலும் 20 விழுக்காடு நாமே ஏற்க வேண்டும்.

"அண்ணா, எனக்கு உயர்வு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியைச் சம்பளப் பிரிவில் கேட்க நேரும் என்று நான் எண்ணியதில்லை.

2025 ஆகஸ்ட் 19

"மிகைநேர ஊதியம் சேர்ந்து 21,000-ஐத் தாண்டினாலும் ஈ.எஸ்.ஐ. போய்விடுமா?" என்று திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். போகாது. வரம்பைப் பார்க்கும்போது மிகைநேர ஊதியத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால் சந்தா பிடிக்கும்போது அதற்கும் சேர்த்தே பிடிப்பார்கள். உங்கள் பனியன் கம்பெனியில் மிகைநேரத்தைக் காரணம் காட்டி நீக்கியிருந்தால், அது விதிப்படி தவறு.

2025 ஆகஸ்ட் 24

லேத் தம்பியின் விஷயத்தில் விதிகளைத் திரும்பப் படித்ததில் ஒரு வழி தெரிந்தது. ஈ.எஸ்.ஐ.யில் சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. சந்தாக் காலம் தொடங்கிய பிறகு நடுவில் ஊதியம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும் வரை அவர் காப்பீட்டுக்குள்ளேயே இருப்பார். ஆகவே உயர்வு அக்டோபர் 1-இல் வந்தால் அன்றே வெளியே. நவம்பர் 1-இல் வந்தால் மார்ச் 31 வரை உள்ளே.

பயன்பெறும் காலம் இதற்குப் பின்னால் தள்ளி வருகிறது. செப்டம்பரில் முடியும் சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன். மார்ச்சில் முடியும் சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அதாவது ஒரு மாத உயர்வான 900 ரூபாயை விட்டுக்கொடுத்தால், இவருக்கும் அம்மாவுக்கும் மருந்து 2026 ஜூன் முடிய அல்லாமல் 2026 டிசம்பர் முடியக் கிடைக்கும். ஆறு மாத மருந்து, வெளிக்கடை விலையில் பத்தாயிரத்துக்கு மேல். மனிதவள மேலாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன். உயர்வைத் தள்ளிப்போடச் சொல்லி ஒரு தொழிலாளி கேட்கும் விண்ணப்பத்தை அவர் எந்தக் கோப்பில் வைப்பாரோ தெரியாது.

2025 செப்டம்பர் 4

நேற்றிரவு ஜிஎஸ்டி மன்றம் அறிவித்ததைப் பலர் இங்கே கொண்டாடுகிறார்கள். மருந்துகளுக்கு 12-லிருந்து 5 விழுக்காடு, செப்டம்பர் 22 முதல். இன்சுலினுக்கு ஏற்கெனவே 5 தான். ஆகவே இன்சுலின் மட்டும் போடுபவருக்கு மாற்றமில்லை. குளுக்கோமீட்டருக்கும் ஸ்டிரிப்புக்கும் 12 இருந்தது. அது 5 ஆகிறது. தினமும் விரலைக் குத்திப் பார்ப்பவர்களுக்கு இதுதான் நல்ல சேதி.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 விழுக்காடு வரி முழுவதும் நீங்குகிறது. நிறுவனம் எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. பெற்றோருக்காக உங்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொகை குழுப் பாலிசியின் வழியே போவதால் அதிலும் 18 தொடரும். புதுப்பிக்கும் முன் தனிப் பாலிசியின் விலையையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் தனிப் பாலிசியில் பழைய நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம் என்பதையும் தராசின் மறுதட்டில் வையுங்கள்.

2025 செப்டம்பர் 7

கேள்வி கேட்ட அன்பருடைய 2,300 ரூபாய் பில்லை அவர் படமெடுத்துப் போட்டிருக்கிறார். பெயர், முகவரியை மறைத்துவிட்டுப் போட்டிருக்கலாம். இப்போது நீக்கிவிட்டார், நல்லது. அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு மாத்திரை: காப்புரிமை வைத்திருந்த நிறுவனத்தின் எம்பாக்ளிஃப்ளோசின். ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்ற அந்த மருந்தின் காப்புரிமை இந்தியாவில் கடந்த மார்ச் மாதம் முடிந்தது. அதே மருந்து பிற இந்திய நிறுவனங்களிடமிருந்து 10 ரூபாய்க்கும் கீழே வந்திருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டால் பில் 900-த்தைத் தாண்டாது என்பது என் கணக்கு. நீங்களே கடையில் மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

எனக்கும் இப்படித்தான் விடிவு வந்தது. பல ஆண்டுகளாகச் சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை மருந்துக்கு ஒரு மாத்திரைக்கு 40 ரூபாய்க்கு மேல் கொடுத்துவந்தேன். 2022 ஜூலையில் அதன் காப்புரிமை முடிந்தது. செப்டம்பரில் மக்கள் மருந்தகத்தில் 50 மில்லிகிராம் பத்து மாத்திரை 60 ரூபாய்க்கு வந்தது. கடைக்காரர் அட்டையை நீட்டியபோது பத்து மாத்திரையா ஒரு மாத்திரையா என்று இரண்டு முறை கேட்டேன். என் நிறுவனத்தின் காப்பீடு எனக்குச் செய்யாததை ஒரு காப்புரிமையின் காலாவதி செய்துவிட்டது.

2025 செப்டம்பர் 14

மௌன்ஜாரோ என்ற சர்க்கரை ஊசி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய், வாரம் ஒன்று. குழுக் காப்பீட்டில் கேட்டுப் பார்க்கவே வேண்டாம். எடை குறைக்க என்று நினைத்துக்கொண்டு கூடுதலாக ஒரு விலக்கு விதியையும் சேர்த்துக் காட்டுவார்கள்.

2025 செப்டம்பர் 23

அரசு ஊழியர் ஒருவர், "உங்களுக்காவது மெடிக்ளைம், எங்களுக்கு அரசே பார்த்துக்கொள்கிறது என்று ஊரே நினைக்கிறது" என்று எழுதியிருக்கிறார். தமிழ்நாடு அரசு ஊழியருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். 2021 ஜூலையிலிருந்து அதற்காக மாதம் 300 ரூபாய் பிடிக்கிறார்கள். மருத்துவப்படியாகக் கொடுப்பதும் 300 ரூபாய். ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கியது போக மீதியை வைத்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்! மத்திய அரசு ஊழியருக்கு சிஜிஎச்எஸ் என்னும் மத்திய அரசு சுகாதாரத் திட்ட மையங்களில் வெளிநோயாளிகளுக்கும் மருந்து உண்டு; மையம் இருக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2025 செப்டம்பர் 28

ஒரு நண்பர், எதற்கு இத்தனை கணக்கு, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்கிறார். அது நியாயமான கேள்வி. மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள் அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. 2024-இல் அதையே தொழிற்சாலைகளுக்கும் விரித்தார்கள். இந்த ஆண்டு பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் வந்தன.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மெடிக்ளைம் அட்டை வைத்திருக்கும் ஒருவர் வரிசையில் நின்று அரசின் மாத்திரையை வாங்கிக் குடித்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால், அதனால் கிளைம் குறைந்து லாபம் அடைபவர்கள் அவருடைய முதலாளியும் காப்பீட்டு நிறுவனமும். மருந்துச் செலவு அரசுடையது, பிரீமியச் சேமிப்பு தனியாருடையது. நான் வரிசையில் நிற்க வெட்கப்படுகிறேனா என்று யாராவது கேட்டால், ஆம், முதலில் அதுவும் காரணம்தான். பிறகு போய் நின்றும் இருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் ஆலையின் கணக்கர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் நடந்துகொண்டோம்.

2025 அக்டோபர் 6

லேத் தம்பியின் சேதி: மனிதவள மேலாளர் ஒப்புக்கொண்டார். தம்பியுடன் இன்னும் சிலர் வரம்பின் விளிம்பில் இருப்பது தெரிந்து, விருப்பம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு உயர்வு நவம்பர் 1 முதல். எழுதிக் கொடுக்காத ஒருவர் அக்டோபரிலேயே வாங்கிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை இல்லை, வயது 26, வாங்கியது சரியே.

இதில் எனக்கு மகிழ்ச்சி அரைகுறைதான். 2026 டிசம்பருக்குப் பிறகு அதே 1,780 ரூபாய் காத்திருக்கிறது. வரம்பை உயர்த்தச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்டுவருகின்றன. 2017 ஜனவரியிலிருந்து 21,000 அப்படியே நிற்கிறது. இத்தனை ஆண்டில் அரிசி விலையும் கூலியும் நகர்ந்துவிட்டன. கோடு மட்டும் நகரவில்லை. ஆண்டுக்காண்டு அதைத் தாண்டி வெளியே விழுபவர்கள் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதினர். பணிமூப்பால் ஊதியம் உயரும் வயதும் சர்க்கரை வரும் வயதும் ஒன்றாகவே இருக்கின்றன.

இன்னொன்று. ஐந்தாண்டு ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெறுபவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவம் தொடரும். ஓய்வுக்கு அருகில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். தானாக யாரும் சொல்லமாட்டார்கள்.

2025 அக்டோபர் 19

தீபாவளிக்கு முந்தைய நாள் சர்க்கரை பற்றி எழுதுவது குற்றம், சுருக்கமாக முடிக்கிறேன்.

புதுப்பிக்கும் பேச்சு தொடங்கிவிட்டது. காப்பீட்டுத் தொகையை மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தலாம் என்று தரகர் சொல்கிறார். அந்தக் கூடுதல் பிரீமியத்துக்குப் பதில், நீண்டகால நோய் மருந்துக்கு ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் வரம்பு வைக்கலாம் என்று நான் சொன்னேன். மேலாளரின் முதல் மறுப்பு: "மருந்துக்கடையில் ஷாம்பு வாங்கி பில் கொடுப்பார்கள்." பில்லில் மருந்தின் பெயர் இருக்கும், சீட்டையும் கேட்கலாம் என்றேன். ஷாம்பு வாங்குபவரைத் தடுக்க இன்சுலின் வாங்குபவரை மறுப்பது என்ன கணக்கு என்று மனத்தில் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. முன்பு மருத்துவச் செலவை நிறுவனம் திருப்பிக் கொடுத்தால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை வரியில்லை. 2018 நிதிநிலை அறிக்கையில் அதை எடுத்துவிட்டு நிலையான கழிவு என்று எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கழிவு. இப்போது மருந்துக்கு என்று கொடுத்தாலும் சம்பளமாகவே வரி. மேலும் மாதாமாதம் மருத்துவப்படி என்று சேர்த்தால் அது ஈ.எஸ்.ஐ. கணக்கில் ஊதியமாகிவிடும், 20,500-இல் இருப்பவர் மருந்துக்காகக் கொடுத்த ஆயிரத்தாலேயே இலவச மருந்தை இழப்பார். ஆகவே வரம்புக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும், பாலிசிக்குள்ளேயே வெளிநோயாளிப் பிரிவாக வாங்க வேண்டும். விலை கேட்டிருக்கிறோம்.

2025 நவம்பர் 24

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை என்கிறார்கள். நல்லது. பரிசோதித்தால் சர்க்கரை தெரியவரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. ஆலைகளில் கண்டுபிடிக்கப்படாதவர் ஏராளம் இருப்பார்கள். கண்டுபிடித்த மறுநாள் அவர் போக வேண்டிய மருந்துச் சன்னல் எது என்பது 21,000-க்கு மேலா கீழா என்பதைப் பொறுத்தது.

ஊதியத்தின் வரையறையும் மாறுகிறது. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த அதிகப்படி ஊதியமாகக் கருதப்படும். அடிப்படை ஊதியத்தைச் சிறிதாக வைத்துப் படிகளைப் பெரிதாக்கியிருக்கும் ஆலைகளில் யார் உள்ளே, யார் வெளியே என்று திரும்பவும் எண்ண வேண்டியிருக்கும். உங்கள் சம்பளச் சீட்டில் மாற்றம் தெரிந்தால் இங்கே எழுதுங்கள்.

2025 டிசம்பர் 7

மருந்து வரம்புக்கு விலை வந்தது. எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்தால் குறைத்துத் தருவதாகத் தரகர் சொன்னார். மேலாளரும் இறங்கி வந்தார்: நீண்டகால மருந்து சாப்பிடுபவர்கள் பெயர் கொடுங்கள், எண்ணிக்கை பார்த்து முடிவு செய்வோம் என்று பலகையில் அறிவிப்பு ஒட்டினார்.

பெயர் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் நான். ஆரம்பச் சுகாதார நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கணக்கர் கொடுக்கவில்லை. தேநீர் இடைவேளையில் மெல்ல விசாரித்ததில் காரணம் புரிந்தது. இரவு முறையிலிருந்து எடுத்துவிடுவார்கள், இரவுப்படி போய்விடும் என்ற அச்சம் ஒருவருக்கு; கிரேன் ஓட்ட விடமாட்டார்கள் என்பது இன்னொருவருக்கு; பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரத்தில் நோயாளி என்று எழுதிக்கொடுக்க வேண்டுமா என்பது கணக்கருக்கு. மூன்றும் வீண் அச்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அறிவிப்பை எடுத்துவிட்டுப் பெயரில்லாத சீட்டு முறையைக் கேட்டிருக்கிறேன்: சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெட்டி, சீட்டில் மாதச் செலவு மட்டும். வெளிநோயாளி மருந்து வரம்பு உள்ள நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் யாரேனும் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். உங்கள் பில் நேரே டிபிஏவுக்குப் போகிறதா, மனிதவளத் துறையின் வழியாகப் போகிறதா? நேரே போகிறது என்றால் அந்த ஏற்பாட்டின் ஒப்பந்த வரியை மட்டும், நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு, இங்கே பதியுங்கள். பாலிசி ஜனவரி 15-இல் புதுப்பிக்கப்படுகிறது.